வெட்டுக்கோடு போடாத பக்கம்: ஓவியர்களைப் பற்றிய ஒரு சிறுவர் செயல்பாட்டு நூல் உருவான விதம்

நூலின் விவரம் முதலில். 64 பக்கம், 21 × 28 செ.மீ. அளவு, 7 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கானது. எட்டு ஓவியர்கள்: ட்யூரர், மரியா சிபில்லா மேரியான், ஹொக்குசாய், சூரா, வான்கோ, மொந்த்ரியான், மத்தீஸ், அம்ரிதா ஷெர்-கில். இதில் நான் தொகுப்பாசிரியர். உரை எழுதுவதும் செயல்பாடுகளை முடிவு செய்வதும் அச்சகத்தோடு மல்லுக்கட்டுவதும் என் பங்கு. படம் வரைய ஒருவர், பக்கம் அமைக்க ஒருவர் என்று மூன்று பேர் கொண்ட சின்னக் குழு.

இந்த வகை நூல்களுக்கென்று பழகிப்போன ஒரு பாணி உண்டு. இடப்பக்கம் ஓவியரின் முகம், பிறந்த ஆண்டு, நாலு வரி வாழ்க்கை. வலப்பக்கம் அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தின் ஓரக்கோடு. அதற்கு வண்ணம் தீட்ட வேண்டும். பக்கம் நிரம்பும், பெற்றோருக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பக்கத்தை முடித்த குழந்தைக்குத் தெரிந்திருப்பது கோட்டைத் தாண்டாமல் தீட்டுவது எப்படி என்பது மட்டும்தான். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தில் தூரிகைத் தடங்களைக் கழித்துவிட்டுச் சுழல்களின் ஓரத்தை மட்டும் வைத்தால் மிச்சமிருப்பது சுவரில் ஒட்டும் டிசைன் காகிதம். அதில் வான்கோ இல்லை.

ஆகவே ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரே ஒரு கேள்வியால் சோதித்தோம். இந்த ஓவியர் அந்தப் படத்தைச் செய்தபோது எந்தச் சிக்கலில் இருந்தார்? அதே சிக்கல் குழந்தையின் கைக்கு வருகிறதா? வராவிட்டால், எவ்வளவு அழகான பக்கமாக இருந்தாலும் வெளியே. யாரைச் சேர்ப்பது என்பதில் தொடங்கி எந்தக் காகிதம், எந்தத் தையல் என்பது வரைக்கும் பின்னால் வந்த முடிவுகளை எல்லாம் இந்தக் கேள்விதான் தீர்மானித்தது.

யார் உள்ளே, யார் வெளியே

ஓவியர்களின் பட்டியல் ரசனையால் மட்டும் அமைவதில்லை, பதிப்புரிமைச் சட்டத்தாலும் அமைகிறது. இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டுகள். பிக்காசோ இறந்தது 1973-இல். அதனால் இந்தியாவில் 2033 முடியும்வரையும் ஐரோப்பாவில் 2043 முடியும்வரையும் அவர் படங்களுக்கு அனுமதி வேண்டும். வங்காள ஓவியர் யாமினி ராய் 1972-இல் இறந்தவர். இந்தியக் கணக்குப்படி 2032 முடிய வேண்டும். மத்தீஸ் இறந்தது 1954-இல் என்பதால் இரண்டு கணக்கிலும் விடுபட்டுவிட்டார். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ இறந்ததும் அதே 1954-இல்தான். ஆனால் மெக்சிகோவின் சட்டம் 100 ஆண்டு என்கிறது. ஒரே ஓவியரின் படங்கள் ஒரு நாட்டில் பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதியில்லாமல் பயன்படுத்தலாம்; இன்னொரு நாட்டில் அப்படி இல்லை. நூல் எந்தெந்த நாடுகளில் விற்கப்போகிறது என்று தெரியாமல் பட்டியல் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஓவியரின் வாழ்க்கையையோ வேலை செய்த முறையையோ எழுதுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆகவே ‘படம் இல்லாமல் பிக்காசோ’ என்று நான்கு பக்கம் போடலாமே என்ற யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தைக் காட்டாமல் ஓவியரைச் சொல்வது பெரியவர்களுக்குச் சரி. ஏழு வயதுக் குழந்தைக்கு அது வெறும் பெயர்.

ஷெர்-கில் விஷயத்தில் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஓவியங்கள் இந்தியாவில் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டவை. அசல் ஓவியத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத்தான் அது தடுக்கிறது. பதிப்புரிமை தனிக் கணக்கு. அவர் இறந்தது 1941-இல், 28 வயதில். உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

படக்கோப்புகளை அருங்காட்சியகங்களிடமிருந்தே எடுத்தோம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலிருந்து தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படைப்புகளின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. சிகாகோ கலைக் கழகமும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அதேபோல் தாராளம். இணையத்தில் எங்கோ கிடைத்த படத்தை எடுத்தால் உரிமைச் சிக்கல் ஒருபுறம், நிறச் சிக்கல் மறுபுறம். ஒரே ஓவியம் பத்துத் தளங்களில் பத்து நிறத்தில் இருக்கும்.

நான்கு செயல்பாடுகள்

எட்டையும் சொல்லப் போவதில்லை. எங்களை அதிகம் யோசிக்க வைத்த நான்கு போதும்.

ட்யூரரின் காண்டாமிருகம் (1515). அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவிலிருந்து கப்பலில் ஒரு காண்டாமிருகம் லிஸ்பன் துறைமுகத்தில் போய் இறங்கியது. குஜராத் சுல்தான் கொடுத்த பரிசு, போர்ச்சுகீசிய ஆளுநர் வழியாக அவர் மன்னருக்குப் போனது. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த ட்யூரர் அந்த விலங்கைக் கண்ணால் பார்க்கவே இல்லை. யாரோ எழுதி அனுப்பிய வர்ணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்கு அச்சாக அதை வெளியிட்டார். தோல் இரும்புக் கவசம்போல் பலகை பலகையாக இருக்கும். கால்களில் செதில். பிடரிக்குக் கீழே, இல்லாத இரண்டாவது கொம்பு ஒன்று. ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அதுதான் காண்டாமிருகம் என்று நம்பினார்கள்.

இதற்கு வழக்கமான பாணியில் செயல்பாடு போட்டால் ‘காண்டாமிருகத்துக்கு வண்ணம் தீட்டு’ என்று வரும். நாங்கள் ட்யூரரின் படத்தைப் பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் காட்டுகிறோம். முதல் பக்கத்தில் ஒரு கடிதம் மட்டும் இருக்கும். அதில் ஒரு விலங்கின் வர்ணனை: உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், பல்லே கிடையாது, உடலில் பாதி நீளத்துக்கு நாக்கு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கீழே வெற்றிடம். குழந்தை வரைந்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் அது எறும்புத்தின்னி, அழுங்கு என்றும் சொல்வார்கள் என்று தெரியும். பக்கத்திலேயே ட்யூரரின் கொம்பும் இருக்கும். பரிசோதனைப் படியைக் கொடுத்தபோது ஒரு சிறுமி தான் வரைந்ததையும் அசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கடிதம் எழுதினவங்க காலைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே, நான் எப்படி வரையறது?” என்று கேட்டாள். அவளுடைய விலங்குக்கு ஆறு கால். கடிதத்தில் காலைப் பற்றி இன்னொரு வரி சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. சேர்க்கவில்லை. ட்யூரருக்கு வந்த கடிதமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சூரா. ‘லா கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை’ 1884 முதல் 1886 வரை அவர் உழைத்த ஓவியம். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். சிகாகோ கலைக் கழகத்தில் இருக்கிறது. நிறங்களைத் தட்டில் குழைக்காமல் சிறு தீற்றல்களாகவும் புள்ளிகளாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், கண்ணே கலந்துகொள்ளட்டும் என்று. ‘பஞ்சை வண்ணத்தில் தோய்த்துப் புள்ளி வை’ என்பதுதான் எல்லா நூலிலும் வரும் செயல்பாடு. அதில் புள்ளி இருக்கிறது, கலப்பு இல்லை. பச்சை இலைக்குப் பச்சைப் புள்ளி வைத்தால் சூராவுக்கு அதில் என்ன வேலை?

விடை அச்சகத்திலேயே இருந்தது. குழந்தை கையில் வைத்திருக்கும் அந்தப் பக்கமே புள்ளிகளால் ஆனதுதானே! சயான் (ஒரு வெளிர் நீலம்), மெஜந்தா (ஒரு ஊதாச் சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகளைச் சேர்த்துத்தான் ஆஃப்செட் அச்சு எல்லா நிறத்தையும் காட்டுகிறது. பச்சை மை என்று எந்திரத்தில் எதுவும் இல்லை. ஆகவே செயல்பாடு இது: பூதக்கண்ணாடியை எடுத்து இந்தப் புல்வெளியைப் பார், பச்சை எங்கே என்று தேடு. வீட்டில் கிடைக்கும் சாதாரண லென்ஸில் அச்சுப் புள்ளி சரியாகத் தெரியாது. அதனால் புல்வெளியின் ஒரு சிறு சதுரத்தை, மஞ்சளும் சயானும் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தோம். அந்தச் சதுரத்தைப் படக்கோப்பாகக் கொடுத்தால் அச்சில் புள்ளிக்குள் புள்ளி விழும். ஒவ்வொரு புள்ளியையும் வெக்டர் வட்டமாக (நிழற்படமாக இல்லாமல், கணினியில் வரைந்த வடிவமாக), ஒரே மையின் 100 சதவீதமாகக் கொடுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. அதன் பிறகுதான் ஸ்கெட்ச் பென் எடுக்கும் வேலை. மஞ்சள், நீலம் இரண்டு மட்டும். பச்சையைத் தொடாமல் ஒரு இலை. புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டே போ, எந்த இடத்தில் பச்சையாகிறது என்று பார்.

வான்கோவுக்கு ‘விண்மீன் இரவு’ வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். எங்களுக்குக் கிடைத்தது அவருடைய கடிதம். 1888 அக்டோபரில் பிரான்சின் ஆர்ல் நகரத்திலிருந்து தம்பி தியோவுக்குத் தன் படுக்கையறை ஓவியத்தைப் பற்றி எழுதுகிறார். ஒரு கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படம் போட்டு, நிறங்களை வார்த்தையில் சொல்கிறார்: சுவர் வெளிர் ஊதா, தரை சிவப்பு ஓடு, கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை பளிச்சென்ற சிவப்பு, ஜன்னல் பச்சை. வண்ண நிழற்படம் அனுப்ப வழியில்லாத காலத்தில் நிறத்தை எப்படி அனுப்புவது என்பதுதான் அவருடைய சிக்கல். நூலில் எங்கள் ஓவியர் வரைந்த அறையின் கோட்டுப்படத்தோடு இந்த வர்ணனை வருகிறது. குழந்தை அதைப் படித்துத் தீட்டுகிறது. அடுத்த பக்கத்தில் அசல் ஓவியம். அதில் சுவர் நீலம்! கடிதத்தில் ஊதா என்றாரே என்று குழந்தை நிச்சயம் கேட்கும். அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் நாளடைவில் வெளுத்துப்போய் ஊதாவிலிருந்த நீலம் மட்டும் தங்கிவிட்டது. குழந்தை தீட்டிய சுவர் இன்றைக்கு அருங்காட்சியகத்தில் தொங்கும் சுவரைவிட வான்கோ நினைத்த நிறத்துக்கு அருகில் இருக்கிறது. பிறகு தன் அறையை வரைந்து, நிறங்களை எழுதி, வேறொருவரிடம் கொடுத்துத் தீட்டச் சொல்ல வேண்டும். ‘நீலம்’ என்று மட்டும் எழுதினால் எந்த நீலம் என்று சண்டை வரும், வரட்டும்.

மத்தீஸ். 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் வெகுநேரம் நின்று தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் காகிதங்களுக்கு வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். இவர் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் நேரடியாக உருவங்களை வெட்டுவார். பென்சிலால் வரைந்துகொண்டு வெட்டுவதில்லை. கோடும் நிறமும் ஒரே வெட்டில் பிறக்க வேண்டும் என்பதே அங்கே விஷயம். வடிவமைப்பாளர் பழக்கப்படி இலை, நத்தை, பறவை எல்லாவற்றுக்கும் விட்டுவிட்டுப் போகும் வெட்டுக்கோடும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் படமும் போட்டிருந்தார். எடுத்துவிடச் சொன்னேன்.

“கோடு இல்லாம குழந்தை எப்படிங்க வெட்டும்?”

“கோணலா வெட்டும்.”

“பெத்தவங்க புத்தகம் முடியலைன்னு நினைப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெற்று வண்ணத் தாளை நூலில் பார்க்கும் பெரியவர்களுக்கு ஏமாந்ததுபோல் இருக்கும். அதற்காகத் தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: ‘வரையாதே, நேராக வெட்டு, மத்தீஸும் அப்படித்தான்.’ கோடு திரும்ப வரவில்லை.

படம் வரைந்தவருக்குச் சொன்னவை

இதுபோன்ற நூலில் நம் ஓவியருக்கு ஒரு சங்கடம் உண்டு. புகழ்பெற்ற ஓவியங்களுக்கு நடுவில் தன் படங்களும் நிற்க வேண்டும், அவற்றோடு போட்டியும் போடக்கூடாது. எங்கள் ஓவியர் ஒரே தடிமனான கறுப்புக் கோடு, அதிகபட்சம் இரண்டு தட்டை நிறம் என்று வரையறுத்துக்கொண்டார். வான்கோவை வான்கோ பாணியில், சூராவைப் புள்ளியில் வரைவது என்ற ஆசையை அவரே கைவிட்டார். எது அசல் ஓவியம், எது நூலுக்காக வரைந்தது என்பது குழந்தைக்கு ஒரு நொடியில் தெரிய வேண்டும்.

ஓவியர்களின் முகத்தைவிட அவர்களுடைய வேலை மேசைகளை அதிகம் வரையச் சொன்னேன். பூச்சிகளை வளர்த்துப் பார்த்து வரைந்த மேரியானின் மேசையில் புழுவை வளர்க்கும் பெட்டி, மத்தீஸின் கட்டிலைச் சுற்றித் துண்டுக் காகிதங்கள். தன் காதைத் தானே அறுத்துக்கொண்டவர் வான்கோ; ஆனாலும் அவர் காதில் கட்டுப் போட்டு வரைய வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அவர் நோயை மறைக்கவில்லை; உடம்பு சரியில்லாமல் மருத்துவ இல்லத்தில் இருந்தபோதும் வரைந்துகொண்டே இருந்தார் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. காதை வேடிக்கைப் பொருளாக்குவதுதான் ஒப்பவில்லை.

செய்துமுடித்த மாதிரிப் படத்தை வெற்றிடத்துக்குப் பக்கத்தில் வைப்பதில்லை என்பது இன்னொரு விதி. பெரியவர் கையால் நேர்த்தியாகச் செய்த மாதிரி கண்ணெதிரில் இருந்தால் குழந்தை அதையே பார்த்து வரையும், பிறகு ‘எனக்கு வரலை’ என்று மூடி வைக்கும். ஷெர்-கில்லின் ‘மூன்று பெண்கள்’ (1935) ஓவியத்துக்கான செயல்பாட்டில் இது உதவியது. அந்தப் படத்தில் மூவரும் அருகருகே இருந்தும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, நம்மையும் பார்ப்பதில்லை. ‘மூன்று பேரை வரை, யாரும் யாரையும் பார்க்கக்கூடாது’ என்பது மட்டுமே கட்டளை. மாதிரி கிடையாது.

காகிதம், ஃபாரம், தையல்

வழவழப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் ஓவியங்கள் பளிச்சென்று இருக்கும். கிரேயான் வழுக்கும், பென்சில் பிடிக்காது. பூச்சில்லாத காகிதமான மேப்லித்தோவில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். ஓவியத்தின் அடர்நிறம் கொஞ்சம் மங்கும், ஸ்கெட்ச் பென் மை பின்பக்கம் ஊறும். இரண்டு காகிதமும் கலந்து போடலாம் என்று அச்சகத்தார் சொன்னார். அப்படிச் செய்தால் ‘பார்க்கும் பக்கம்’, ‘செய்யும் பக்கம்’ என்று நூல் இரண்டாகிவிடும். முழு நூலும் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 120 கிராம்) மேப்லித்தோ என்று முடிவாயிற்று. ஹொக்குசாயின் நீலம் மங்கியது எனக்கு வருத்தம்தான். பரிசோதனைப் படிகளையும் அதே காகிதத்தில் எடுக்க வேண்டும். டிஜிட்டல் பிரின்டில் டோனர் என்ற மைத்தூள் படிந்த இடத்தில் கிரேயான் வழுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகள் எங்கே திணறுகிறார்கள் என்பது தவறாகத் தெரியும்.

ஃபாரம் என்பது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் கட்டு; 64 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் நான்கு. பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங் இதற்கு ஆகாது. நூல் விரிந்து படுக்காது, அழுத்தி விரித்தால் முதுகு பிளக்கும். ஃபாரம் ஃபாரமாகத் தைப்பதே சரி. ஆனால் தைத்த நூலில் ஒரு தாளைக் கிழித்தால் மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும். 49-50 போனால் 63-64 ஆடும். மத்தீஸின் வெட்டும் தாள்களை எங்கே வைப்பது என்பது இதனால் முடிவாயிற்று. நான்காவது ஃபாரத்தின் நட்டநடு, 55 முதல் 58 வரை. அங்கே இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று ஜோடி, எடுத்தாலும் வேறு பக்கத்துக்குச் சேதமில்லை. தையலிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு கோடு போட்டிருக்கிறோம், அதற்கு வெளியே வெட்டினால் தையலும் தளராது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் அச்சிட்ட நிறம், மறுபக்கம் வெள்ளை, குழந்தையே பூசிக்கொள்ள. வெட்டினால் பின்பக்கத்திலிருந்து எதுவும் தொலையாது.

இரண்டாவது ஃபாரத்தின் நடுவிரிப்பு, 24-25, ஹொக்குசாயின் ‘பேரலை’க்குப் போனது. ஏறக்குறைய 1831-இல் வந்த அந்த மரச்செதுக்கு அச்சின் அசல் அளவு சுமார் 25 × 37 செ.மீ. தான். எங்கள் விரிப்பு 28 × 42. உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தைச் சுருக்காமல், அசல் அளவிலேயே குழந்தையின் மடியில் வைக்கும் வாய்ப்பு எத்தனை ஓவியத்துக்குக் கிடைக்கும்? நடுவிரிப்பு ஒரே தாள் என்பதால் படம் இடையில் பிசகாது. ஃபூஜி மலை மட்டும் மடிப்புக்குள் புதையாதபடி படத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினோம்.

குழந்தைகள் உட்கார்ந்து செய்ததைப் பார்த்த பிறகு கட்டளை வரிகள் எல்லாம் பக்கத்தின் உச்சிக்கு ஏறின. இடப்பக்கத்தில் இருந்தால் இடக்கைப் பிள்ளைகளின் கை அதை மறைத்துவிடுகிறது. ஒரு வரிக்கு ஒரு வேலை: பார், தேடு, வெட்டு. ‘முயற்சி செய்து பார்க்கலாமா?’ போன்ற கொஞ்சல்களை எல்லாம் வெட்டிவிட்டேன். எழுத்தின் அளவு 16 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே போகவில்லை.

மொந்த்ரியான் பகுதிதான் இன்னும் எனக்குத் திருப்தியில்லை. நியூயார்க்கில் கடைசிக் காலத்தில் அவர் வண்ண நாடாத் துண்டுகளை ஒட்டி, பிய்த்து, நகர்த்தி அமைப்பைத் தேடினார். 1944-இல் இறந்தபோது ‘விக்டரி பூகி வூகி’ என்ற ஓவியம் நாடாவோடு முடியாமலே நின்றது. அதனால் துண்டுகளை ஒட்டாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும் விளையாட்டாக வைத்தோம். குழந்தைகள் முதல் அமைப்பிலேயே பசை தடவிவிடுகிறார்கள். மறுபதிப்பில் ஒட்டுவதற்கு முன் மூன்று அமைப்புகளைப் பென்சிலால் குறித்துவைக்க மூன்று சிறு கட்டங்கள் வருகின்றன. ஃப்ரீடா காலோவுக்காக ஒரு ஃபாரம் கூட்டலாமா என்ற கேள்வி விற்பனை நாடுகளின் பட்டியல் வந்த பிறகு.